காற்றுப் புகாத பெட்டி

பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. பெட்டிக்காரர் என்றால் அவர்தான். மீன், இறைச்சி, ஐஸ்கிரீம், தடுப்பூசி என்று வழியில் சூடு பட்டால் வீணாகிவிடும் சரக்கை ஏற்றிப் போகிற குளிர்லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த லாரிகளின் முதுகில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பெட்டியைச் செய்வதுதான் அவர் தொழில். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரையை அடைத்து, மூலைக்கு மூலை பசை போட்டு, கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டி, உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகாமலும் வெளியே இருக்கும் காற்று உள்ளே வராமலும் செய்து கொடுப்பார். அவர் கைபட்ட பெட்டியில் குளிர் நிற்கவில்லை என்று ஒரு ஓட்டுநரும் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கர்வம் நிறையவே உண்டு. செய்கிற வேலையில் கர்வம் இல்லாதவன் கையில் யார் சரக்கைக் கொடுப்பார்கள்? அந்தக் கர்வம் பட்டறையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டி முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. பட்டறையில் அதற்கு ‘இருட்டுப் பார்ப்பது’ என்று பேர். நல்ல வெயில் நேரத்தில் பெட்டியை வெளியே நிறுத்தி, ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து கதவைச் சாத்திவிடுவார். கண் இருட்டுக்குப் பழகுகிற வரை உள்ளே இருப்பவர் சும்மா இருக்க வேண்டும். பிறகு சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததைத் தேட வேண்டும். வெளியே இருப்பவர் அவ்வப்போது சுவரில் ஒரு தட்டு தட்டுவார். எல்லாம் சரிதானே என்று கேட்கிற தட்டு அது. உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் சரி. இரண்டு தட்டு வந்தால் கதவைத் திற. பதிலே வராவிட்டால், உள்ளே இருப்பவர் ஏதோ ஒரு பொட்டு வெளிச்சத்தைப் பிடித்துவிட்டார், தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். அந்த நேரத்தில் எவனாவது அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் வெயில் உள்ளே பாய்ந்து, பழகின கண் கெட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திறந்தவனுக்குச் செம திட்டு விழும். பெட்டிக்காரர் அப்படிப் பலரைத் திட்டியிருக்கிறார்.

அவர் மனைவி வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத கூடம். படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது பஞ்சு மூடுபனியாகப் பறக்கும். அந்தப் பஞ்சு வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் போய்த் தங்கியதில், ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சுவர்க்கடிகாரத்தோடு ஒரு இருமலும் வீடு வந்து சேர்ந்தது. கடிகாரம் சீக்கிரமே நின்றுவிட்டது. இருமல் நிற்கவில்லை. தூசி கிட்டவே ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இப்படி, ஜன்னல் இல்லாத இடத்திலேயே பிழைப்பு ஓட்டின இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத்தான் முதலில் அந்த ஆசை வந்தது. பிக்கப் வண்டியின் பின்தட்டில் அப்படியே ஏறி உட்கார்ந்துகொள்ளும் கேம்பர் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று ஒரு ஓட்டுநர் சொன்னார். உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவத் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் இருக்குமாம். வண்டி நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் தார் ரோடு முடிகிற இடத்தில் அது நிற்காதாம். அவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

விற்றவர் ஒரு நில அளவைக்காரர். ஆள் அரவமில்லாத இடங்களை எல்லாம் அந்த வண்டியில் தங்கித்தான் அளந்திருக்கிறார். இப்போது கண் மங்கிவிட்டதால் ஓட்ட முடிவதில்லை. பெட்டியைத் தடவித் தடவியே அவர் எல்லாவற்றையும் விளக்கினார். நான்கு மூலையிலும் இருக்கும் கால்களை இறக்கிவிட்டால் பெட்டி தானே நிற்கும், வண்டியை அடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடலாம். மணலில் இறங்கும்முன் டயர் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றாக இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், “அடுப்பு எரியறப்ப காத்து வேணும், அதை மட்டும் மறந்துடாதீங்க” என்றார். பெட்டிக்காரர் அந்த நேரத்தில் மூலையில் இரண்டு தகடு சேருகிற இடத்தை விரலால் நெருடி, உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். இதைச் செய்தவனுக்குப் பெட்டி என்றால் என்னவென்றே தெரியவில்லை. கோணலும் மாணலுமாகப் பசை, இடுக்கெல்லாம் இடைவெளி. அளவைக்காரர் சொன்னது அவர் காதுக்குப் போகவில்லை.

மனைவி ஏணியில் ஒரு கால் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். “வாழ்நாள் பூரா ஊரானுக்குப் பெட்டி செஞ்சு குடுத்தீங்க. கடைசியில எனக்கும் ஒண்ணு பாத்துட்டீங்க” என்றாள். அளவைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பெட்டிக்காரருக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

முதல் பயணம் கேவலமாக முடிந்தது. காய்ந்துபோன ஆற்றுப்படுகை ஓரமாக ஒரு மண் பாதை. முன்னால் உட்கார்ந்து ஜன்னலை ஏற்றிவிட்டுச் சுகமாகத்தான் போனார்கள். நிறுத்திவிட்டுப் பின்னால் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விரற்கடை தூசி. படுக்கை, மேசை, தட்டு, டம்ளர் ஒன்று பாக்கியில்லை. குலுக்கலில் அலமாரி திறந்து சர்க்கரையும் சோப்புத்தூளும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. அவள் சுத்தம் செய்யத் துடைப்பத்தை எடுத்தாள், அதோடு இருமல் பிடித்துக்கொண்டது. படுக்க முடியாமல் சாய்ந்து உட்கார்ந்தே பொழுதைக் கழித்தாள். இந்த எழவை வாங்கியிருக்கவே வேண்டாம் என்று அவர் தன்னையே சபித்துக்கொண்டார்.

காலையில் அவள் படுக்கைக்குப் பக்கத்து ஜன்னலைத் தள்ளினாள். கண்ணுக்கு எட்டின வரை வெறும் தரை. ஒரு கம்பம் இல்லை, ஒரு சுவர் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ இடம் யாருக்கும் வேண்டாமலா கெடக்குது?” என்றாள்.

“நமக்கு வேணும்” என்றார்.

“தூசி மட்டும் இல்லேன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேங்க.”

அந்த ஒரு வார்த்தை போதாதா அவருக்கு? தூசியைத் தடுத்துவிட்டால் இவள் மிச்சக் காலத்தை வெளிச்சத்தில் கழிப்பாள், நெஞ்சும் தேறும். தடுப்பதற்கு இந்த உலகத்தில் அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. வீட்டுக்குத் திரும்பியதும் பழைய பட்டறைக்குப் போய்ப் பசைக்குழாய், ரப்பர் பட்டை, ரிவெட் ஆணி எல்லாம் வாங்கி வந்தார்.

முற்றத்தில் பெட்டியைக் கால்களில் நிறுத்திவிட்டு, ஜன்னல்களுக்குக் கனத்த துணியைத் தொங்கவிட்டு, இருவருமாக உள்ளே போய் இருட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு இது புதிது. கல்யாணமான நாளிலிருந்து காதால் கேட்ட விஷயத்தை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்க ஓட்டைகள் பளிச்சிட ஆரம்பித்தன. அவளுடைய கண் அவர் கண்ணைவிடக் கூர்மை. “அதோ ஒண்ணு. இந்தப் பக்கம் ரெண்டு. உங்க தலைக்கு மேல பாருங்க” என்று சிறுபிள்ளையாட்டம் காட்டிக்கொண்டே போனாள். அவர் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார்.

“என்னங்க, அடுப்புக்குக் கீழ பாருங்க. இது ஓட்டை இல்ல, வாசல்” என்றாள்.

தரையை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வலை வைத்த ஒரு திறப்பு. தூசி முக்கால்வாசி இது வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வலையின் மேல் பாதி உரிந்த பழைய ஸ்டிக்கர், எழுத்தெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் அழிந்துபோயிருந்தது. முன்பு எப்போதோ குளிர்பெட்டி வைக்க வெட்டி, பிறகு அதை எடுத்துவிட்டு, அரைகுறையாக வலை போட்டு மூடியிருக்கிறான் என்று அவர் நினைத்தார். கூரையிலும் காளான் குடை மாதிரி ஒரு மூடி, அதைச் சுற்றியும் வெளிச்சம் கசிந்தது. அதுவும் அந்த அரைகுறைக்காரன் வேலைதான் என்று முடிவு கட்டினார். ஸ்டிக்கரை அவள் நகத்தால் சுரண்டி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அவர் அலுமினியத் தகடு வெட்டி, பசை தடவி, சுற்றிலும் ரிவெட் அடித்தார். கூரை மூடிக்குள் நுரையை நிரப்பினார்.

கடைசியாக ஒரு முறை உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கண் எவ்வளவு பழகியும் ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணுமே தெரியலயே” என்றாள்.

“அதான் வேணும்.”

அவள் இருட்டில் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எத்தனையோ பெட்டி செய்திருக்கிறார், கூட உட்கார்ந்து பாராட்ட ஒரு ஆள் இருந்ததில்லை.

அதன்பிறகு கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். எந்த மண் பாதையில் போனாலும் பெட்டிக்குள் துளி தூசி இல்லை. நிறுத்தியதும் கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவள் அடுப்பையே பற்றவைப்பாள், அடைந்துகிடந்தது போதும் என்பாள். உள்ளே ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான் இடம். சண்டை வந்தால் முறைத்துக்கொண்டு போக அடுத்த அறை கிடையாது, இறங்கி வெட்டவெளியில் நடந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அப்படி நடந்து நடந்தே அவள் மூச்சு தேறியது. கூரையில் தலை இடித்து இடித்து அவர் நெற்றியில் ஒரு புடைப்பு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. மகள் போனில் கூப்பிட்டு, “எப்பம்மா வீட்டுக்கு வருவீங்க” என்றால், “வீட்டுலதான்டி இருக்கேன்” என்று பதில் வரும்.

மழை வந்தது ஒரு மதியம். மேட்டுக்கு ஏறுவதற்குள் பாதை சேறாகிப் பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. இரண்டு பேரும் இறங்கிப் பலகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் தொப்பலாக நனைந்து, குளிரில் பல் கிட்ட, மறுபடி இருமத் தொடங்கினாள்.

“நீ உள்ள போ. துணிய மாத்து. கதவச் சாத்திக்க, சாரல் அடிக்குது” என்றார்.

“நீங்க மட்டும் ஒத்தையில எப்படி?”

“போன்னா போயேன்.”

அவள் போனாள். ஜன்னல்களை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அடுப்பைப் பற்றவைக்கிற ‘டிக் டிக்’கும் கேட்டது. வெந்நீர் வைக்கிறாள், ஈரத்துணியையும் உலர்த்துவாள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு அவர் மண்வெட்டியை எடுத்தார். சேற்றை அள்ள அள்ள அது திரும்பி வந்தது. ஒரு முறை நிமிர்ந்து சுவரில் ஒரு தட்டு தட்டினார். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. மறுபடி குனிந்தார். சக்கரத்துக்கு முன்னால் கல்லைக் கொண்டுவந்து போட்டார். இன்னொரு தட்டு. உள்ளிருந்து வந்த பதில் கொஞ்சம் மெதுவாக இருந்தது. மழைச் சத்தத்தில் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் முறை தட்டியபோது பதில் வரவில்லை.

அவர் சிறிது நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். தூங்கியிருப்பாள். இருமலும் கேட்கவில்லை, அப்படியென்றால் நெஞ்சு அடங்கியிருக்கிறது. பதில் இல்லாவிட்டால் திறக்கக் கூடாது. யோசித்தெல்லாம் செய்யவில்லை, பட்டறைப் பழக்கம் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவள் தூங்குகிறாள் என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சத்தம் போடாமல் பலகைகளை நகர்த்தி, நிதானமாக வேலை செய்தார். மழை விட்டு, வண்டியை ஏற்றி நிறுத்தி, கை கால் கழுவிக்கொண்டபிறகுதான் கதவைத் திறந்தார்.

புழுக்கம் முகத்தில் அறைந்தது. அடுப்பில் சுடர் மஞ்சளாகி, அணைவதற்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. மேசைக்கும் படுக்கைக்கும் நடுவே தரையில் அவள் கிடந்தாள். ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவளை முன்சீட்டில் கிடத்தி, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, கிடைத்த பாதையில் கண்மண் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் இருந்தது. இளம் மருத்துவர் ஒரு பெண், அவரை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

“அடுப்பு எரிஞ்சுதா? உள்ள காத்து வர வழி ஏதாச்சும் இருந்துச்சா?”

“இருந்துச்சு. நான் அடைச்சிட்டேன்.”

“எதை அடைச்சீங்க?”

“எல்லாத்தையும்.” அவர் சேறு அப்பிய தன் கையைப் பார்த்துக்கொண்டார். “நான் செஞ்ச பெட்டியில மூச்சு விடுற எதையும் ஏத்தினதில்ல டாக்டர். எனக்குத் தோணவே இல்ல.”

அந்தப் பெண் அதற்குமேல் கேட்கவில்லை. அடைந்த இடத்தில் அடுப்பு எரிந்தால் விஷக்காற்று உண்டாகும், அதற்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவதே தெரியாது என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள். அடுப்புக்குக் கீழே இருந்த வலைத் திறப்பு எதற்கு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

பிழைத்தாள். நடந்தாள், பேசினாள், தானே சாப்பிட்டாள். ஆனால் மூளையில் புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் நடந்தது மதியத்துக்குள் கரைந்துபோகும். பழசெல்லாம் அச்சு அசலாக இருந்தது. சலவைக்கூடத்துச் சண்டைகள், மகள் பிறந்த கதை, அளவைக்காரர் சிரித்த சிரிப்பு, முதல் பயணத்துச் சோப்புத்தூள் வரை ஒன்றும் தப்பவில்லை. அதோடு நின்றுவிட்டது. பெட்டியை அடைக்கிற வேலை இன்னும் முடியவில்லை, முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்கிற இடத்திலேயே அவள் நின்றிருந்தாள். வெட்டவெளியில் இருந்த அத்தனை நாளும் போயே போய்விட்டன.

“எப்பங்க கிளம்புறோம்?” என்று கேட்பாள்.

முதலில் அவர் உண்மையைச் சொன்னார். எதையும் மறைக்கிற ஆள் இல்லை அவர். போனோம், இருந்தோம், நான் காற்றை அடைத்தேன், அதனால் உனக்கு இப்படி ஆயிற்று என்று சொன்னார். அவள் விக்கித்துப்போய் அழுதாள். மறுநாள் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். மறுபடி முதல் தடவை கேட்பவள் மாதிரியே அழுதாள். அவள்தான் திறப்பைக் காட்டினாள், அவள்தான் ஸ்டிக்கரைச் சுரண்டினாள் என்பதை மட்டும் அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

மருந்துக்கடை நடத்தும் மகள் கடைக்கு ஆள் வைத்துவிட்டு வந்து தங்கியிருந்தாள். அளவைக்காரர் ஓட்டை அடுப்பைத் தலையில் கட்டிவிட்டார், போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று குதித்தவளைப் பெட்டிக்காரர்தான் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார்.

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“தெனம் சொல்றேன்.”

“தெனமுமா?” என்றாள் மகள். “தெனமும் அவங்க அழணுமாப்பா? சொன்னா உங்களுக்கு மனசு ஆறும். அவங்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுசு. இனிமே சொல்லாதீங்க.”

அன்றோடு நிறுத்திக்கொண்டார். “எப்பங்க கிளம்புறோம்?” என்றால் “வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு” என்பார். அவளும் சரி என்று விடுவாள். சொல்லாமல் இருப்பதுதான் தனக்குக் கிடைத்த தண்டனை என்று அவருக்குப் பட்டது.

பிக்கப்பை விற்றாயிற்று. அவர் அதன் ஸ்டியரிங்கைத் தொடவே மறுத்துவிட்டார். பெட்டி மட்டும் முற்றத்தில் நான்கு கால்களில், அடியில் வண்டி இல்லாமல் நின்றது. அதையும் தூக்கிப் போடுங்கள் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போடத்தான் வேண்டும், ஆனால் எவனாவது எடுத்துக்கொண்டு போய் உள்ளே படுத்துவிட்டால்? அந்தத் தகட்டைப் பிரிக்காமல் அவர் அதை வெளியே விடமாட்டார். பிரிக்கவோ மனம் வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

ஒரு மதியம் பல்லைக் கடித்துக்கொண்டு தகடு அறுக்கும் கிரைண்டரோடு உள்ளே ஏறினார். ரிவெட்டுகளின் தலையை ஒவ்வொன்றாக அறுத்தார். ஒன்றுகூட லேசில் வரவில்லை. அவ்வளவு நல்ல வேலை. கடைசியில் தகடு கழன்று தரையில் விழுந்தது. கூரையிலிருந்த நுரையைத் துருவி எடுத்தார். வியர்வை கண்ணில் வழிய அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஏணியில் காலடிச் சத்தம். அவள் ஏறி உள்ளே வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். முகத்தில் வேலை முடியப்போகிற சந்தோஷம்.

“இன்னிக்கு இருட்டுப் பாக்குறோமா?” என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் கதவை இழுத்துச் சாத்தி, ஜன்னல் துணிகளை இறக்கிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவருக்கு எழுந்து கதவை உதைத்துத் திறக்க வேண்டும் போல் இருந்தது. அடுப்பு எரியவில்லை, காற்று வருகிறது, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் மூச்சு விடுவது பக்கத்தில் கேட்டது. இருட்டில் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண் பழகியது.

“அதோ” என்றாள் அவள். “அடுப்புக்குக் கீழ. எவ்ளோ பெருசு பாருங்க. இதப் போயி விட்டுட்டீங்களே, உங்களுக்கும் வயசாயிடுச்சு.”

தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

“அத அடைச்சிட்டா வேலை முடிஞ்சுது. கிளம்பிடலாம், இல்ல?”

“அது இருக்கட்டும்” என்றார்.

“தூசி வருமேங்க.”

“வரட்டும்மா.”

அவள் பிடித்த கையை விடவில்லை. வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் விரல்கள் அவர் கைக்குள் சட்டென்று இறுகின.

“என்னங்க, அடுப்புக்குக் கீழ பாத்தீங்களா? அதோ ஒண்ணு.”

“ஆமாம்மா” என்றார். “பாத்தேன்.”